இடது பக்கமாகவே கடல் வரைக்கும்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் புதிதாக ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஏசி அறையில் ஒரு ஸ்கூட்டரைத் தரையோடு சேர்த்து முடுக்கி, எதிரே பெரிய திரை வைத்திருக்கிறார்கள். ஹேண்டில்பாரைத் திருப்பினால் திரையில் ரோடு திரும்புகிறது. மாடு வருகிறது, ஆட்டோ வருகிறது. மோதினால் ஒரு மணி அடிக்கும், அவ்வளவுதான், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்துக்கொள்ளலாம். நான் வேலையை விட்டு நின்ற அன்றைக்கு என்னையும் அதில் உட்காரவைத்தார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பொம்பளைகளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுத்தே முட்டி தேய்ந்தவள் நான். முதல் வளைவிலேயே ஒரு பஸ்ஸில் போய் முட்டினேன். சுற்றி நின்ற புது டீச்சர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

சிரிப்பு அடங்கியதும் அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "அமுலுக்கா, லெஃப்டு எல்லாம் சுளுவா வந்துருது. ரைட்டு திரும்புன்னாத்தான் அத்தினி பேரும் நடுங்குறாங்கோ. நீ எப்டிக்கா சொல்லிக் குடுத்த?"

கேக் வெட்டுகிற அவசரத்தில் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல செல்வராணியைப் பற்றித்தான் சொல்லியாக வேண்டும். அவளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், மறைக்க என்ன இருக்கு" என்றாள்.

நான் இந்த வேலைக்கு வந்ததே தற்செயல். வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவர். அவருடைய மொபெட்டில் கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஒருநாள் பள்ளம் மேடாகக் கிடந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். ஒரு ஜீப் பின்னாலேயே வந்தது. யார்ரா இவன் என்று நிறுத்தித் திரும்பினேன். வயதான மனிதர் ஒருவர் இறங்கிக் கும்பிட்டார். "தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்த ரோட்ல சிலிண்டரோட இவ்ளோ நிதானமாப் போறீங்களே, யாரு கத்துக் குடுத்தது?"

"யாரு குடுப்பா? உழுந்து உழுந்து கத்துக்கினதுதான்" என்றேன் வெடுக்கென்று.

அவர்தான் தேவசகாயம் சார். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்து டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். பெண்களுக்குச் சொல்லித்தர ஒரு பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே வேலையில் சேர்ந்துவிட்டேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் அவர் கூடவே சுற்றினேன்.

எனக்கு வாய் நீளம். சேர்ந்த புதிதில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏய் பிரேக்கு, பிரேக்குடி, கண்ணு இன்னா பொடனிலயா கீது" என்று கத்திக்கொண்டே போவேன்.  ஒருநாள் சார் ஜீப் சாவியை என் கையில் கொடுத்து பூந்தமல்லி ரோட்டில் ஓட்டச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன ஆனதோ அந்த மனுஷனுக்கு, நான் கத்துகிற அதே கத்தல். அவர் தொண்டை கிழியக் கத்தக் கத்த எனக்கு எது கிளட்ச் எது பிரேக் என்றே மறந்துபோய் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் இருந்தவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். சார் சட்டென்று தன் பழைய குரலுக்கு வந்து, "கத்துனா அவங்க உங்க வாய்க்குத்தான் ஓட்டுவாங்க அமுலு, ரோட்டுக்கு ஓட்ட மாட்டாங்க" என்றார். அதற்குப்பிறகு நான் வண்டியில் உட்கார்ந்தால் வாயைப் பூட்டிக்கொள்வேன். வீட்டில்தான் திறப்பேன், அது என் வீட்டுக்காரருக்குத் தெரியும்.

முதல் வகுப்பில் சாவியே கிடையாது. சாவி என் இடுப்பில் இருக்கும். வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுக்கணும், தள்ளணும், திருப்பணும், மறுபடி ஸ்டாண்டு போடணும். "இதுக்கா துட்டு கட்டினேன்?" என்று முணுமுணுப்பார்கள். வண்டி சாய்ந்தால் தாங்கிப் பிடிக்காதே, விட்டுட்டுத் தள்ளி நில் என்று பழக்குவேன். புது வண்டியைக் கீழே விட யாருக்கும் மனசு வராது, காலைக் கொடுத்துத் தாங்குவார்கள். அதற்கென்றே எங்களிடம் ஒரு அடிபட்ட வண்டி இருந்தது. அதை ஒவ்வொருத்தியும் ஒரு தடவையாவது வேண்டுமென்றே கீழே போட்டாக வேண்டும். அப்புறம் ஒரு சரிவில் எஞ்சினைப் போடாமல் இரண்டு காலையும் தொங்கவிட்டு உருட்டல். துப்பட்டாவுக்கு ஊக்கு. கண்ணாடியைப் பொட்டு பார்க்காமல் பின்னால் வருகிறவனைப் பார்க்கத் திருப்பி வைத்தல். எட்டுப் போடுவதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ரோட்டுக்கு வந்தபின் ஊர் ஊராக இறக்குவோம். ஞாயிற்றுக்கிழமை எஸ்டேட் ரோடு வெறிச்சென்று கிடக்கும், அங்கே வேகம். ஆவடி குவார்ட்டர்ஸில் தூங்குமூஞ்சி மரத்து நிழலில் தெருவெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அங்கே திருப்பம். பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டைச் சுற்றி பூக்கடை, தள்ளுவண்டி, குறுக்கே பாய்கிற ஜனம், அங்கே பொறுமை. காட்டுப்பாக்கத்தில் புதுப் புது அடுக்குமாடிகள். கேட்டைத் திறந்ததும் கார்கள் மூக்கை நீட்டும். செம்பரம்பாக்கம் பக்கம் குடோன்களுக்குப் போகிற கண்டெய்னர் லாரி ஒன்று பக்கத்தில் கடந்துபோனால் காற்றே ஆளைத் தள்ளும். அந்தக் காற்றில் ஹேண்டில்பாரை இறுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி.

கடைசி வகுப்பு கடல். லைசென்ஸ் கைக்கு வந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலிருந்து கிளம்பி, எப்படியாவது கடலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். நான் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஆனால் வழி சொல்லக்கூடாது. திரும்பு, நில், போலாம், எதுவும் சொல்லக்கூடாது. கை ரெண்டும் என் முட்டிமேல் இருக்க வேண்டும். அவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் நிறுத்தி வழி கேட்கலாம், என்னைத் தவிர. அது சார் வைத்த சட்டம். பாதிப் பேர் இந்த ஊரில் வருஷக்கணக்காக இருந்தும், கடற்கரைக்கு வீட்டுக்காரர் கூட்டிப்போனால் போனவர்கள்தான். வண்டியை நிறுத்திவிட்டு அலையைப் பார்த்து அழுதவர்களும் உண்டு. வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "நான் எங்க இருக்கேன் சொல்லுங்க பாப்போம்" என்று கத்தினவர்களும் உண்டு.

மெட்ரோவுக்குத் தூண் எழும்புவதற்கு முன்னால் ஒரு வெயில் காலத்தில் செல்வராணி வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்து ஊர்க்காரி. நாற்பதைத் தாண்டினவள். ஆவடியில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் புருஷனுக்கு வேலை. கோவில்பதாகையில் சின்னதாக வீடு கட்டிக் குடிபோன கொஞ்ச நாளிலேயே ரோட்டு விபத்தில் அவர் போய்விட்டார். அந்த வேலையை இவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரே பெண் சுபா, பூந்தமல்லி பக்கம் நர்சிங் முதல் வருஷம். காலை ஷிப்டுக்கு பஸ் கிடைப்பதில்லை என்று புருஷனுடைய ஸ்கூட்டரையே ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாள், ஒரு மெக்கானிக் அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தான். "இதுலதான் கத்துக்கிடணும் டீச்சர்" என்றாள். முன்பக்கம் புதுசாக இருந்தது, பின்பக்கம் பழசு. விபத்தில் அடிபட்ட வண்டியே அதுதான் என்று புரிந்தது. ஆனாலும் கேட்கவில்லை. யாரையும் ஏன் என்று கேட்காதே என்பதும் சார் சட்டம்தான்.

கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டாள். விழுந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவாள். எட்டு அழகாகப் போட்டாள், லைசென்ஸும் வந்துவிட்டது. ரோட்டில்தான் வினை. இடது பக்கம் தண்ணீர் மாதிரித் திரும்புவாள். வலது பக்கம் திரும்ப வேண்டும் என்றால் ஓரமாக நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தே ரோட்டைக் கடப்பாள். கடந்தபின் ஏறி உட்கார்ந்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஓட்டுவாள். இல்லாவிட்டால் நேராகப் போய் ஒரு இடது, இன்னொரு இடது, மூன்றாவதாக ஒரு இடது, அதே முனையை நேராகத் தாண்டிப் போய்விடுவாள். ஒருநாள் எதிர்ப்பக்கம் இருக்கிற பெட்ரோல் பங்குக்குப் போகச் சொன்னால் பருத்திப்பட்டு ஏரியைக் காட்டிவிட்டுக் கூட்டிவந்தாள்.

சிரித்துவிட்டுச் சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்துவிட்டு, "ரைட்டுல நிக்கிறப்ப அவங்க எங்க பாக்கறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வகுப்பில் கண்ணாடியில் கவனித்தேன். அவள் எங்கேயும் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாரிடம் அதைச் சொன்னதும், "கை சரியாத்தான் இருக்கு. கண்ண நம்ப மாட்டேங்கறாங்க" என்றார். "நான் இன்னா சார் பண்றது?" என்று கேட்டேன். "கூட உக்காந்து போங்க. வேற என்ன பண்ண முடியும்?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பெரிய மனுஷன், ஒரு உபாயம் சொல்வார் என்று பார்த்தால் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நேரத்தில்தான் அவளுடைய அண்ணன் முருகையா ஊரிலிருந்து வந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தங்கச்சி புருஷனைப் பறிகொடுத்த பயம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர் கண்ணில் பட்டதே, தங்கச்சி நட்டநடு ரோட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில் நிற்கிற காட்சிதான். அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்கு ஹெல்மெட் கொடுக்கப் போயிருந்தேன். என் எதிரிலேயே பேசினார்.

"நீ வண்டி ஓட்டப் படிச்சியா, தள்ளப் படிச்சியா? ஒரு ரோட்டத் தாண்டத் தெரியல, ஒத்தையில மெட்ராஸ்ல இருக்கப்போறியா? வேல வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு வா. நம்ம வீடு இருக்கு."

"சுபா படிப்பு?" என்றாள் செல்வராணி.

"டி.சி. வாங்கிக்கிடலாம். எம் மச்சினன் கேட்டுக்கிட்டே இருக்கான். முடிச்சிருவோம். உனக்கும் எதாவது ஆயிட்டுன்னா இந்தப் பிள்ளைக்கு யாருட்டி இருக்கா?"

சுபா சமையல்கட்டு வாசலில் நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  எனக்குத்தான் பொறுக்கவில்லை. "யோவ், இன்னும் கடல் வகுப்பு பாக்கி கீது. ஞாத்திக்கெயம போய்ட்டு வருவா. தள்ளாம ஊடு வந்து சேந்தா நீ ஊருக்குக் கெளம்பு. தள்ளிக்கினு வந்தா நீ சொல்றதக் கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். என்னை யார் கேட்டது? அவள் வாழ்க்கையை என் வாயால் பந்தயம் கட்டிவிட்டு வந்தேன். முருகையா தங்கச்சியைப் பார்த்தார். அவள் "சரிண்ணே" என்றாள். ஞாயிறு சாயங்காலம் அவர் எழும்பூர் போய் ரயில் ஏற வேண்டும். ஏறுவது ஒருத்தரா மூன்று பேரா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். மெரினாவுக்குத்தான் போவாள் என்று நினைத்தேன், எல்லாரும் அங்கேதான் போவார்கள். ஆனால் அவளுக்கு வழியில் வலது திருப்பமே இருக்கக்கூடாது. கோவில்பதாகையிலிருந்து பின் தெரு வழியாகச் சுற்றி வந்து ஆவடி மெயின்ரோட்டில் இடது. அதோடு நேராகத் திருமுல்லைவாயல், அம்பத்தூர், பாடி. பாடியைத் தாண்டி வில்லிவாக்கம், அயனாவரம், ஓட்டேரி. வலதில் போனால்தான் முடியும் என்கிற இடத்தில் ஒரு தெருவுக்குள் இடது எடுத்து, தண்ணிக் குடங்களுக்கும் கேரம் போர்டுக்கும் நடுவில் புகுந்து, இன்னொரு தெருவால் வெளியே வந்தாள். நான் பிறந்து வளர்ந்த ஊர்தான். அந்தத் தெருக்களை நான் பார்த்ததே இல்லை. ஒரு இடத்தில் மசூதி வாசலில் கஞ்சிப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவரிடம் வழி கேட்டாள். புளியந்தோப்பில் ஒரு சந்துக்குள் நுழைந்து முட்டிக்கொண்டோம்.

அங்கே வாசலில் உட்கார்ந்து காலி டப்பாக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இன்னாம்மா, யாரு ஊட்டுக்கு?" என்று கேட்டாள்.

"கடலுக்குப் போணும்."

"கடலுக்கா? என் ஊட்டாண்ட வந்து கீறீங்களே! திருப்பிக்கினு போங்க, நேரா ராயபுரம், அத்தத் தாண்டுனா காசிமேடு. நாத்தமே சொல்லிரும்."

சொன்னபடியே நாற்றம் சொன்னது. ஐஸ் பெட்டி, வலை, வெயிலில் காய்கிற நெத்திலி. செல்வராணி வண்டியை நிறுத்தவில்லை. கடலை வலது பக்கம் வைத்துக்கொண்டு நேராக வடக்கே ஓட்டினாள். கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்ற ரோடு அது. திருவொற்றியூரில், பாறாங்கல் கொட்டியிருக்கிற கரையோரமாக நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தாள். அலை வந்து கல்லில் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் தன் பாட்டுக்குப் பட்டம் விட்டுக்கொண்டிருந்தான். நான் இரண்டு பேருக்கும் மோர் வாங்கி வந்தேன்.

"டீச்சர்," என்றாள். "அன்னைக்கு நானும் வண்டியில இருந்தேன்."

எனக்கு அது தெரியாது.

"அம்பத்தூர்ல அவுக கூட்டாளி வீட்டு விசேஷம். திரும்பி வந்துக்கிட்டிருக்கோம். ஆவடில எங்க வீட்டுக்குத் திரும்புத இடத்துல நிறுத்துனாக. எப்பவும் நாந்தான் பின்னால பாத்துச் சொல்லுவேன். அவுகளுக்குக் கழுத்து வலி, அம்புட்டுத் திரும்ப முடியாது. நான் கைய நீட்டிக்கிட்டே திரும்பிப் பாத்து, போலாம்னு சொல்லுவேன். அவுக திருப்பிருவாக. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்பிடித்தான். அன்னைக்கும் பாத்தேன். ஒண்ணும் வரல. போலாம்னு சொன்னேன்."

மோரைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒரு பஸ்ஸு நின்னுச்சு டீச்சர். அதுக்குப் பின்னாலேர்ந்து லாரி வந்துருக்கு. எனக்குத் தெரியல. நெசமாவே ஒண்ணும் வரலன்னுதான் பாத்தேன். எனக்கு முழங்கையில ஒரு சிராய்ப்பு, அம்புட்டுத்தான். நான் போலாம்னு சொன்னது சுபாவுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தெரியாது. லாரிக்காரன் மேல தப்புன்னு எல்லாரும் சொல்லுதாக. நான் ஆமாங்கேன்."

 உன் மேல் தப்பில்லை என்று சொல்லலாம். அதை அவளே ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருப்பாள். அந்த நிமிஷம் தெருவில் பார்க்கிற ஒவ்வொரு வண்டியும் எனக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றிலும் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்துகொண்டு, திரும்பிப் பார்த்து, கையை நீட்டி, போலாம் போலாம் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். நானும் என் வீட்டுக்காரருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன். கடையில் காயைப் பார்க்கிற மாதிரி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு. என்னால் அழாமல் இருக்க முடியவில்லை. அவள் என் முதுகைத் தட்டி, "மோரக் குடிங்க, சூடாயிரும்" என்றாள்.

திரும்புகிற வழியும் இடதுதான். மணலியில் இடது எடுத்து, மாதவரம், புழல், சூரப்பட்டு என்று பெரிய வட்டம் அடித்தாள். வெயில் தலைக்கு மேலே வந்துவிட்டது. அம்பத்தூரில் மெயின்ரோட்டைத் தொட்ட இடத்தில் இடது போனால் மறுபடி பாடி, வலதுதான் வீடு. இறங்கித் தள்ளப்போகிறாள் என்று நினைத்தேன். நல்ல வேளையாக அங்கே போலீஸ்காரர் ஒருவர் நின்று எல்லா வண்டியையும் நிறுத்தி எங்கள் பக்கத்தைக் கையசைத்து விட்டார். கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பிவிட்டாள். "இது கணக்குல வராது" என்று அவளே முன்னாலிருந்து சொன்னாள். 

கணக்கில் வருவது ஆவடி முனை, அவள் வீட்டுக்குத் திரும்புகிற அதே இடம். அதை நோக்கிப் போகப் போக வண்டி மெதுவாகிக்கொண்டே வந்தது. ரோட்டின் நடுவில் திரும்புவதற்காக விட்டிருக்கிற இடைவெளி. அங்கே கொண்டுபோய் நிறுத்தினாள், ஓரத்தில் அல்ல, நடுவில். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. 

"டீச்சர், பின்னால எதும் வருதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக்கூடாது, பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எதிர்ப்பக்கமும் காலி. சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. சார் சட்டம் சாரோடு போகட்டும், ஒரு பெண்ணின் படிப்பு, ஒருத்தியின் வேலை, ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி பார்த்தேன். மறுபடியும் ஒன்றும் வரவில்லை. அப்போதும் என் நாக்கு எழும்பவில்லை. நான் பார்க்காத ஒன்று எங்கேயாவது நின்றிருந்தால்? சொல்லுகிறவள் நானாக இருந்துவிட்டால்?  அந்த இடத்தில் சட்டத்துக்காக நான் சும்மா இருக்கவில்லை. பயந்துபோய்ச் சும்மா இருந்தேன்.

அதற்குள் வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரனைப் பிடித்து அழுத்தினார். "இன்னாம்மா, நட்ட நடுவுல நின்னுகினு கனா காண்றியா? போறதுன்னா போ, இல்லாட்டி ஓரங்கட்டு!"

செல்வராணி ஓரங்கட்டவில்லை. கண்ணாடியைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஒரு பஸ் வந்து நின்றது. அந்த பஸ் நகர்ந்து போகும்வரை காத்திருந்தாள். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். எதிரே பார்த்தாள். மறுபடி பின்னால் பார்த்தாள். ஆட்டோக்காரர் என்னென்னவோ திட்டிக்கொண்டிருந்தார், அது அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. பிறகு திருப்பினாள். மெதுவாக, பிசகாமல், அகலமாக எடுத்துத் திருப்பி, எதிர்த் தெருவுக்குள் கொண்டுபோய் ஒரு மருந்துக்கடை ஓரமாக நிறுத்தினாள்.

எஞ்சினை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்தீயளா டீச்சர்?"

"பாத்தேன்."

"மொதல்ல எதும் வந்துச்சா?"

"ஒண்ணும் வரலம்மா."

"பொறவு ஏன் சொல்லல? சட்டமா?"

"அதெல்லாம் இல்ல. வாய் வரல. பயந்துட்டேன்."

அவள் ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். "அன்னைக்கு எனக்கு வாய் வந்துச்சே" என்று அழுதாள். புருஷன் செத்ததிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை போலிருக்கிறது, அடங்கவே இல்லை. மருந்துக்கடைக்காரப் பையன் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒன்றே ஒன்றைச் சொன்னேன். "பாத்ததச் சொன்னம்மா நீ. பொய் சொல்லல. உன் ஊட்டுக்காரரு உன் கண்ண நம்பி எத்தினி வருசம் ஊடு வந்து சேந்தாரு. அத்தயும் கணக்குல சேத்துக்க."

அதனால் அவள் மனசு ஆறிற்று என்று சொல்ல மாட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

கோவில்பதாகையில் முருகையா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பை மூன்று கட்டி வைத்திருந்தது. "எத்தனை எடத்துல தள்ளுன?" என்று கேட்டார். "ஒரு எடத்துலயும் தள்ளலண்ணே" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். தங்கச்சியின் வீங்கின கண்ணை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இரண்டு பையை எடுத்துக்கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு வந்தார். சுபா ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "ஏட்டி, மாமாவுக்கு ஒரு வாய் காப்பி தரமாட்டியா?" என்றார் அவர்.

சாயங்காலம் ஆட்டோ பிடித்து ஆவடி ஸ்டேஷன் போகிறேன் என்றவரை அவள் விடவில்லை. "நான் கொண்டு விடுதேன், ஏறு" என்றாள். முருகையா சாமி கும்பிடுகிற மாதிரி ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். அவர்கள் வீடு தெருமுனைக்கு இரண்டாவது வீடு. முனையில் பெரிய தெருவுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். நானும் சுபாவும் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி முனையில் நின்றது. முருகையா கையை நீட்டிக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்து, "ஒண்ணும் வரல, போலாம் தாயி" என்றார்.

செல்வராணி காலை ஊன்றினாள்.

"நீ சும்மா இருண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

முருகையா கையை மடக்கிக்கொண்டார். ரோடு காலியாகத்தான் இருந்தது. அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், மறுபடி இந்தப் பக்கம் பார்த்தாள். அதற்கப்புறம்தான் வண்டியைத் திருப்பினாள்.